வெறுங்கையோடு நடப்பது

அறுவைச் சிகிச்சை முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அறைக்கு மாற்றப்பட்ட பிறகு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல. "வீட்ல வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களாம்மா?" என்பதுதான்.

கேட்டவர் இயன்முறைப் பயிற்சியாளர் (அறுவைக்குப் பின் உடலை மெல்ல மெல்ல இயங்கப் பழக்குபவர்). இளைஞர். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை, நீளமான தாழ்வாரம். ஆள் இல்லை என்றேன். "அப்பறம் என்னம்மா, உங்களுக்குத் தனியா எக்சர்சைஸ் எதுக்கு? வீட்டுக்குப் போனா எல்லாம் தன்னால வந்துரும்" என்றார். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார் (மூச்சை இழுத்து அந்தப் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும், நுரையீரலில் சளி தங்காது). அத்தோடு நகர்ந்துவிட்டார்.

எதிர் அறையில் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே அறுவை, இதே மருத்துவர், இதே சர்க்கரை நோய். அதே இளைஞர் அவரைக் கைபிடித்துத் தாழ்வாரத்தில் நடக்க வைத்தார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும், முதல் வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் இவ்வளவு என்று பொறுமையாகச் சொன்னார். என் அறைக் கதவு திறந்திருந்தது. நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போனதும் குரல் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான். இன்னொருவருடைய பாடத்தில் காதில் விழுந்த பாதி.

சர்க்கரை நோயோடு இதய அறுவைக்குப் போகும் பெண்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தைரியமாக இருங்கள் என்று சொல்வதற்காக அல்ல. அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்குக் கடைசி வரை நெஞ்சு வலிக்கவே இல்லை. ஐப்பசி மழை நாட்களில் மன்னார்குடி பஸ்ஸில் ஏறும்போது தாடை கடுத்தது. இடது தோளில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. குளிரில் வியர்த்தது. வீட்டில் சொன்னேன். கேஸ் என்றார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். தெருவில் சொன்னேன். கேஸ்தான் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் கேட்காமலே கேஸ் மாத்திரை எடுத்து நீட்டினார். ஒரு மாதம் நான் ஊரறிந்த வாயுக்காரியாக இருந்தேன்.

ஆஞ்சியோகிராம் (இதய இரத்தக்குழாய்களில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தபோது மூன்று குழாய்கள் அடைபட்டிருந்தன. பல வருடச் சர்க்கரை நரம்புகளை மந்தமாக்கிவிடும், அதனால் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம், பெண்களிடம் இது அதிகம் என்று மருத்துவர் அப்போது சொன்னார். பைபாஸ் (அடைப்பைச் சுற்றி வேறு குழாய் வைத்து இரத்தத்துக்குப் புதுவழி போடுவது) செய்ய வேண்டும் என்றார். என் கணவர் உடனே புரிந்துகொண்டார். "மதகு அடச்சுக்கிட்டா பக்கத்துல வெட்டி விடுற மாதிரி" என்றார். மருத்துவருக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. என் நெஞ்சைப் பற்றி அவர்கள் இருவரும் வாய்க்கால் பாஷையில் சிறிது நேரம் பேசினார்கள்.

காலிலிருந்து இரத்தக்குழாயை எடுத்தார்கள். மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கம்பிகள் உள்ளேயே இருக்கும். எலும்பு கூடி ஒட்ட மூன்று மாதம் ஆகலாம். சர்க்கரை கூடுதலாக இருந்தால் அதுவும் தாமதப்படும், மேலே உள்ள புண்ணும் ஆறாது. இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்குச் சொன்னது இரண்டு வாக்கியம்தான். லைட்டாக வேலை செய்யலாம். வெயிட் தூக்கக் கூடாது.

அந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயின என்பதுதான் இந்தக் கட்டுரை.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் எங்கள் கிராமம். என் கணவர் சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகை நிலமும் சேர்த்துச் சாகுபடி செய்கிறார். ஒரே மகன் சிங்கப்பூரில். நான் மன்னார்குடியில் ஒரு பத்திரிகையின் கிளை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தவள். என்னைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா வந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பாசமானவர். அந்தப் பாசத்தில்தான் முதல் கோளாறு தொடங்கியது.

அண்ணி என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. கழிவறைக்குப் போனால் கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றார். சோற்றை நிறுத்தினார். "சக்கர இருக்குற ஒடம்புக்குச் சோறு ஆகாது" என்று காலையில் கஞ்சி, மதியம் குழைந்த கஞ்சி, இரவில் இட்லி அல்லது இடியாப்பம். எல்லாம் அதே அரிசி. சோறு என்ற பெயர் மட்டும்தான் தட்டில் இல்லை. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் பூவன் பழத்தாரும் கொண்டுவந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர் ஒருவரும் இல்லை. பழம் கெட்டுவிடக் கூடாது என்று எனக்கே உரித்துக் கொடுத்தார்கள்.

காலைச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. மார்புத் தழும்பின் அடிமுனையில், மார்பகங்களின் எடை இழுக்கும் இடத்தில், கட்டுத்துணி ஈரமானது.

மறுபரிசோதனையில் மருத்துவர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். சர்க்கரை இறங்காவிட்டால் புண் மூடாது, மூடாவிட்டால் கிருமி கம்பி வரைக்கும் இறங்கும், அப்புறம் திரும்பவும் திறக்க வேண்டிவரும் என்றார். இன்சுலின் அளவைக் கூட்டினார். என் கணவர் முந்திக்கொண்டு, "சோறே குடுக்கறதில்ல சார், டிபன்தான்" என்றார். மருத்துவர் தலையாட்டினார். "நடக்கணும், நல்லா நடங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எப்போது, எவ்வளவு, இன்சுலினுக்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்க வாயெடுத்தபோது அடுத்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பவும் திறப்பது என்ற சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அறுத்த எலும்போடு முதல் தடவை இருமிய வலி நினைவிருக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். நான் நடப்பது என்று முடிவு செய்தேன்.

நடப்பதற்கு இடம் வேண்டும். அப்போது சம்பா அறுவடை. மெயின் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் காய ரோட்டில்தான் பரப்புவார்கள். மீதிப் பாதியில் பஸ்ஸும், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டரும், அறுவடை இயந்திரமும் போக வேண்டும். வாய்க்கால் கரை சேறு. மிஞ்சியது எங்கள் தெருவும், அது போய்ச் சேரும் மேலத்தெருவும்.

தெருவில் நடந்தால் எங்கே என்று கேட்பார்கள். அது விசாரணை அல்ல. எங்கள் ஊரில் அதுதான் வணக்கம். ஆனால் பதில் வேண்டும். கடைக்கு, கோயிலுக்கு, வயலுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். சும்மா நடக்கிறேன் என்று முதல் நாள் சொன்னேன். எதிர்வீட்டுப் பாக்கியம் தலைமுடியை முடிந்தபடி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சும்மாவா?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"நடக்கச் சொன்னாரா, நடச் சொன்னாரா? நல்லாக் கேட்டீங்களாக்கா? நடச் சொல்லியிருந்தா சொல்லுங்க, கோடை நடவுக்கு எங்களுக்கு ஆள் பத்தல."

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மார்பில் தலையணையை அணைத்துக்கொள்ளாமல் சிரிக்க முடியாது என்பதால் நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது எனக்குத் தெரியும். நடவு நட்டவள் மகள் நடைப்பயிற்சி போகிறாள். அது ஆபீசர் வீட்டம்மாக்கள் தஞ்சாவூரில் ஷூ போட்டுக்கொண்டு செய்கிற காரியம்.

மறுநாள் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டேன். காலிப்பை. கடைக்கு என்று சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல யோசனை என்று நினைத்தேன்.

கடைக்குப் போகிறவளிடம் ஊர் சும்மா இருக்குமா? பாக்கியம் ஒரு கிலோ உளுந்து சொன்னாள். மூன்றாவது வீட்டில் தேங்காயெண்ணெய். அண்ணி, "அந்தப் பக்கம்தானே போற" என்று சர்ஃப் பவுடர் பெரிய பாக்கெட். ஒரு வாரத்தில் நான் தெருவின் சாமான் வண்டி ஆகிவிட்டேன். பையை இடது கையில் தூக்கி வரும்போது மார்புக்குள் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. விரல் சொடுக்குவது போல. வெளியே யாருக்கும் கேட்காது. அறுத்த எலும்பின் இரண்டு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் சத்தம் அது. உங்களுக்குக் கேட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நான் போகவில்லை. எனக்கு அது என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு இனி வெறுங்கையோடுதான் போவேன் என்றேன். யாரும் எதிர்ப்படாத நேரமாகப் பார்த்து, காலையில் இன்சுலின் போட்டவுடன், சாப்பிடுவதற்கு முன்னால் கிளம்பினேன். மேலத்தெரு முனையில் நெல் பரப்பிய இடத்துக்கு அருகே கை நடுங்கியது. சேலை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அப்படியே நெல்லின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் தன் தூக்குவாளியிலிருந்த டீயைக் குடிக்க வைத்தாள். சர்க்கரை போட்ட டீ. அதனால் பிழைத்தேன்.

இதற்குத் தாழ்நிலைச் சர்க்கரை என்று பெயர் (இன்சுலின் வேலை செய்ய, வயிற்றில் உணவு இல்லாதபோது இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிவது, நடந்தால் இன்னும் வேகமாகச் சரியும்). இன்சுலின் போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து நடக்க வேண்டும், கையில் இனிப்பு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். தாழ்வாரத்தின் மறுகோடியில் தென்னந்தோப்புக்காரருக்குச் சொல்லப்பட்டது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் காதுக்கும் என் காதுக்கும் நடுவே இருந்தது ஒரு தாழ்வாரம்தான்.

வீட்டில் தீர்ப்பு உடனே வந்தது. நடந்ததால்தான் விழுந்தாள். என் கணவர் நெல்லைக் களத்தில் குவித்துவிட்டுக் காவலிருந்தவர், ஓடிவந்தார். பயந்துபோயிருந்தார். பயம் அவரிடம் கோபமாகத்தான் வெளிவரும்.

"இனிமே தெருவுல நடக்கற வேல வேணாம். வீட்டுக்குள்ளயே சின்னச் சின்ன வேலயப் பாரு. அதுவே எக்சர்சைஸ்தான். அந்த ஆஸ்பத்திரிப் பையனே சொன்னான்ல?"

சொன்னான்.

அந்த வாரம் அண்ணி ஊருக்குப் போனார். அவர் வீட்டிலும் தேங்காய் வெட்டு. அடுப்படி என்னிடம் வந்தது.

எங்கள் பக்கம் வேலை என்றால் வயல் வேலை. என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். ஆள் கூப்பிடாத நாளில் "இன்னிக்கு வேல இல்ல" என்பார். அன்று முழுவதும் அடுப்படியிலும் கிணற்றடியிலும்தான் நிற்பார். அதற்கு வேலை என்று பெயர் கிடையாது. பெயரே இல்லாத ஒன்றுக்கு லைட் என்ன, ஹெவி என்ன? மருத்துவமனை லைட் வேலை என்று சொன்னது எங்கள் வீட்டில் வயலுக்குப் போகாத எல்லா வேலையும் ஆயிற்று. வெயிட் என்றால் மூட்டை. நெல் மூட்டை, உர மூட்டை. அதை நான் எப்போதும் தூக்கியதில்லை. ஆக இரண்டு கட்டளைகளையும் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

சோற்றுப் பானையை இறக்கிச் சாய்த்துக் கஞ்சி வடித்தேன். வெந்து தண்ணீரோடு நிற்கிற பானையை இரண்டு கையாலும் தூக்கி, முன்னால் குனிந்து சாய்க்கும்போது எடை முழுவதும் மார்பெலும்பில் இறங்கும். சமைத்துப் பழகியவர்கள் யோசித்துப் பாருங்கள். ஈரப் போர்வையைப் பிழிந்தேன். அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். நாள் முழுவதும் நின்றேன். சர்க்கரை அப்படியேதான் இருந்தது. நிற்பது நடப்பது ஆகாது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே நாலடி போவதும் வருவதும் நடை ஆகாது. தொடைத் தசைகள் தொடர்ந்து இயங்கினால்தான் அவை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று பிறகு விளக்கினார்கள். அடுப்படியில் அசைந்ததெல்லாம் அறுபட்ட எலும்புதான்.

கட்டுத்துணியில் முதலில் மஞ்சளாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் ஈரம் வந்தது.

அடுத்த மறுபரிசோதனைக்கு என் கணவர் அறுவடையை விட்டுவிட்டு வந்தார். மருத்துவர் கட்டைப் பிரிக்கும் முன்பே அவரிடம் கேட்டார். என்னிடம் அல்ல.

"நடக்கிறாங்களா?"

"ஒரு தடவ மயக்கம் வந்துருச்சு சார். இப்ப வீட்டு வேல எல்லாம் அவங்களே செய்றாங்க."

"குட். அதுவே போதும்."

அறுவைக்கு முன்பிருந்தே நான் கேள்வி கேட்காத நோயாளியாக இருந்தேன். அன்று குரல் என்னையறியாமல் வந்தது. உயர்ந்த குரல் அல்ல. உயர்த்தினால் நெஞ்சு வலிக்கும்.

"எந்த வேலைன்னு கேளுங்க டாக்டர்."

அவர் நிமிர்ந்தார். பானை வடிப்பதைச் சொன்னேன். போர்வையைச் சொன்னேன். பம்பைச் சொன்னேன். சொடுக்குச் சத்தத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து மார்பின் இரண்டு பக்கமும் கைவைத்து இருமும்மா என்றார். இருமினேன். அவர் முகம் மாறியது.

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினோம்ல?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"தூக்கல சார். மூட்டை எல்லாம் நான்தான் தூக்குறேன்."

"பானை?"

"அது சோத்துப் பானை சார்."

என் கணவர் பொய் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்ளவும் பார்க்கவில்லை. அது சோற்றுப் பானை. அவர் பார்த்த வரையில் அதற்கு எடை கிடையாது. தினமும் இறங்குகிறது, தினமும் வடிகிறது. அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, அந்தப் பதிலைக் கேட்டு ஆச்சரியப்பட்ட மருத்துவர்மேல் கூடுதலாக வந்தது. நெல் விளையும் ஊர்களில் இருந்துதான் அவருடைய நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். ஒரு பெண் வீட்டுக்குப் போனால் எதைத் தூக்குவாள் என்று ஒரு தடவை கூட யோசிக்காமல் எத்தனை மார்புகளைத் தைத்து அனுப்பியிருப்பார்.

"எதிர் ரூம்ல ஒரு தோப்புக்காரர் இருந்தாரே. அவருக்கும் வீட்டு வேலையே போதும்னுதான் சொன்னீங்களா டாக்டர்?"

"அவருக்கு வேற மாதிரிம்மா, அவரு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் காத்திருந்தேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, உட்காருங்கள் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அதன் பிறகு சொன்னவை எல்லாம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை. சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்து நடக்க வேண்டும், மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு முழுத் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இட்லியும் அரிசிதான், கஞ்சியும் அரிசிதான். காய் பாதித் தட்டு, பருப்போ முட்டையோ மீனோ கால், அரிசி கால். மார்புக்கச்சை (எலும்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பட்டை) போட வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் ஒருக்களித்து எழ வேண்டும். நல்லவர்தான். விளக்கத் தெரிந்தவர்தான். அவருக்கு இவ்வளவு சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது.

சொன்னது தாமதமாகிவிட்டது. புண்ணின் அடிமுனையைத் திறக்க வேண்டி வந்தது. முழு மார்பையும் அல்ல. கீழ்க் கம்பி ஒன்றைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். சிறிய அறுவை என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவமனையில் சிறிய அறுவை என்று ஒன்று உண்டு. மேசையில் படுத்திருக்கிறவருக்கு அப்படி ஒன்று கிடையாது. எடுத்த கம்பியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று என் கணவர் நெல் நிறுக்கும் தராசை வீட்டுக்குள் கொண்டுவந்தார். உலையில் வெந்து நிற்கிற பானையைத் துணி சுற்றித் தூக்கி அதன்மேல் வைத்தார். முள்ளைப் பார்த்தார். பானையை எடுத்துக்கொண்டுபோய் அவரே வடித்தார். கையில் கஞ்சி கொட்டிக்கொண்டார். பாதிச் சோறு கஞ்சியோடு தொட்டிக்குப் போயிற்று. அதன் பிறகு இன்று வரை எங்கள் வீட்டில் கஞ்சி வடிப்பது அவர்தான். அதைப் பெருமையாக அவர் வெளியில் சொல்வதில்லை. பாக்கியம்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "மாமா வடிச்ச சோறு, பருக்கை பருக்கையா நிக்கிது" என்பாள். நான் அவரைப் பாராட்டவில்லை. நாற்பது வருடம் நான் வடித்ததற்கு யாரும் பாராட்டவில்லை.

மகன் நடைமெஷின் வாங்கித் தருவதாகப் போனில் சொன்னான். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரு இருந்தது.

சாப்பிட்டுப் பொறுத்து, முந்தானையில் இரண்டு மிட்டாயை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினேன். பை இல்லை. எங்கே என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் என் மாத்திரை மூளையைத் தாக்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். வெயில் ஏறியதும் மேலத்தெருவின் மரநிழலுக்குப் போனேன். என் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெரு அது. அந்த வீடுகளின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார்கள். நான் செருப்போடுதான் நடந்தேன். என் சர்க்கரைக்குச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. காலில் முள் குத்தினாலும் தெரியாது. மருத்துவக் காரணம்தான். வேறு காரணமும் இருந்தது.

ஒரு நாள் கைகள் தாமாக வீசிக்கொண்டு வருவதைக் கவனித்தேன். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. குடமோ, கூடையோ, பிள்ளையோ, ஆபீஸ் பையோ இல்லாமல் நான் நடந்ததே இல்லை. கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சில நாள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

புண் சித்திரையில் மூடியது. எலும்பு கூடிவிட்டது என்று படம் சொன்னது. கீழ்முனையில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, கம்பி இருந்த இடம். மழைக்கு முன்னால் அங்கே இறுக்கமாக இருக்கும். முன்பு என் உடம்பு எனக்கு ஒரு சாமான் மாதிரி. எடுத்து உபயோகித்துவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். இப்போது அது கூடவே வருகிற ஓர் ஆள். கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டியிருக்கிறது. பழையபடி ஆகிவிடுவீர்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போது வாதாடுவதில்லை. பழையபடி ஆனால்தான் ஆபத்து.

போன வாரம் மூன்று மாதச் சர்க்கரை பார்த்தார்கள் (இரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை, கடந்த மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்பதை அது காட்டும்). அளவு இறங்கியிருந்தது. மருத்துவர் மகிழ்ந்தார். ஏன் மூன்று மாதம் மட்டும் என்று கேட்டேன். இப்போதெல்லாம் கேட்கிறேன். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய அவ்வளவுதான், பழையவை போய்ப் புதியவை வந்துகொண்டே இருக்கும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். பானையைத் தூக்கிய நாட்களில் என்னிடம் ஓடிய இரத்தத்தில் இன்று அநேகமாக ஒரு துளிகூட மிச்சமில்லை. அவ்வளவும் போய்விட்டது. என் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால் அந்த மாதங்கள் நடந்ததற்கு ஒரு தடயமும் கிடைக்காது. பக்கத்தில் என் கணவர் தூங்கிக்கொண்டு வந்தார். வெளியே ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று மாலை தெருவில் சொன்னார்கள். இரத்தத்தைப் பொறுத்தவரை அது உண்மை. எனக்கு ஆயுள் அதைவிட நீளம்.